ஸ்மோக்க ஆஃப் பண்ணலாமா? போட்டி கேம்ல எந்த எஃபெக்ட தூக்கணும், எத தொடக்கூடாது

நாலு மாசம் முன்னாடி ஃப்ரெண்ட்ஸ் சேந்து ஒரு சின்ன சிஎஸ் 2 (கவுண்டர் ஸ்ட்ரைக் 2, அஞ்சஞ்சு பேரா ரெண்டு டீம் சுட்டுக்கிற கேம்) டோர்னமெண்ட் நடத்துனோம், ஆறு டீம், ஒரு கேமிங் சென்டர ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, காலைல 9 மணிக்கு ஆரம்பிச்சா சாயங்காலம் பிரியாணியோட முடிஞ்சிரும்னு பிளான். முடிஞ்சுது, ஆனா ராத்திரி ஒன்றரை மணிக்கு. காரணம் என்னன்னு கேட்டா சிரிப்பீங்க, நிழல்.

ஒரு வரிசை பிசில டைனமிக் ஷேடோஸ்ங்கிற நிழல் செட்டிங் "ஆல்"னு (எல்லா நிழலும்) இருந்துச்சு, எதிர் வரிசைல "சன் ஒன்லி" (சூரிய நிழல் மட்டும்). யாரும் வேணும்னு வச்சது இல்ல, அந்தந்த பிசில முன்னாடி ஆடினவன் விட்டுட்டு போன செட்டிங். செமி ஃபைனல்ல ஒரு பையன் மூலைல ஒளிஞ்சிருக்கான், லைட்டு அவன் பின்னாடி இருக்கு, அவன் நிழல் வாசல் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது, எதிர் டீம்காரன் நிழல பாத்தே சுட்டுட்டான். அடுத்த ஹாஃப்ல அதே மூலைல எதிர் டீம் ஒளிஞ்சா அந்தப் பையன் டீம் ஸ்கிரீன்ல நிழலே வரல. சண்டை, ரீமேட்ச், மறுபடி சண்டை. தப்பு என்மேல தான், மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பத்து பிசியையும் திறந்து பாத்திருக்கணும்.

அன்னிக்கு ஆரம்பிச்சது தான் இந்த ஆராய்ச்சி. போட்டி கேம்ல விஷுவல் எஃபெக்ட்ஸ் எல்லாம் ஆப்ஷனலா இருக்கணுமா, இல்ல எல்லாருக்கும் ஒரே மாதிரி பூட்டி வைக்கணுமானு பசங்க மணிக்கணக்கா பேசுவாங்க, ஆனா "எஃபெக்ட்"ங்கிற ஒரே வார்த்தைல மூணு வேற வேற சாமான் கலந்து கெடக்குறது தான் குழப்பத்துக்கு காரணம். ஒண்ணு அலங்காரம். ரெண்டாவது தகவல். மூணாவது மறைப்பு. எது எதுன்னு பிரிக்க நான் வச்சிருக்கிற கேள்வி ஒண்ணே ஒண்ணு தான்: இத நான் ஆஃப் பண்ணா எதிராளி செஞ்ச ஒரு வேலை வீணாப் போகுதா?

சிஎஸ்ல ஒருத்தன் ஒரு ரவுண்டுல கஷ்டப்பட்டு சேத்த காசுல கேம் பணம் 300 டாலர் குடுத்து ஸ்மோக் (புகை குண்டு) வாங்குறான், 200 குடுத்து ஃப்ளாஷ் (கண்ண கூச வைக்கிற குண்டு) வாங்குறான். அத கரெக்டா ஆங்கிள் பாத்து எறியவும் பழகி வச்சிருக்கான். நீங்க செட்டிங்ல போயி அந்தப் புகைய லேசாக்கிட்டா அவன் பாக்கெட்ல கைய விட்ட மாதிரி. ஆனா வேகமா திரும்பும்போது படத்த மங்கலாக்குற மோஷன் ப்ளர ஆஃப் பண்ணா? யார் காசும் போகல. இவ்ளோ தான் விஷயம், கீழ இருக்கிறது எல்லாம் இத எப்படி செய்றதுங்கிறது.

முதல்ல அலங்காரம், இது சீக்கிரம் முடிஞ்சிரும். மோஷன் ப்ளர், ஃபிலிம் கிரெயின், லென்ஸ் ஃப்ளேர், டெப்த் ஆஃப் ஃபீல்டு, ஓரத்த கருப்பாக்குற விக்னெட், எதப் பாத்தாலும் ஜொலிக்க வைக்கிற ப்ளூம், குண்டு வெடிச்சா ஸ்கிரீன் ஆடுறது, இதெல்லாம் உங்க கேம்ல எது எது மெனுல இருக்கோ கண்ண மூடிக்கிட்டு ஆஃப் பண்ணுங்க. யோசிக்கவே வேணாம். சிஎஸ் மாதிரியே இன்னொரு சுடுற கேமான வாலரண்ட்ல விக்னெட், ப்ளூம், டிஸ்டார்ஷன் மூணும் தனித்தனி சுவிட்சா இருக்கு, அதுல "காஸ்ட் ஷேடோஸ்"னு ஒண்ணு இருக்கே அது உங்க கை துப்பாக்கி மேல விழுற நிழல் மட்டும் தான், எதிரியோட நிழல் இல்ல, அதனால அதையும் தாராளமா ஆஃப் பண்ணலாம். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்ல "ஹைட் ஐ கேண்டி"னே ஒரு ஆப்ஷன், டெவலப்பர்களே "இது சும்மா கண்ணுக்கு மிட்டாய்"னு ஒத்துக்கிட்ட நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஏன் ஆஃப் பண்ணணும்னா, அழகுக்காக ஜிபியு (படம் வரையுற சிப்) செலவு பண்ற நேரம் உங்க கணக்குல தான் எழுதப்படுது. 60 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம்) ஒரு ஃபிரேம் ஸ்கிரீனுக்கு வர சுமார் 16.7 மில்லிசெகண்ட் ஆகுது, 144ல 6.9, 240ல 4.2 கிட்ட. ஆள் மூலைல திரும்புறத நீங்க எப்ப பாக்குறீங்கங்கிறது இதுல தான் இருக்கு. ஃபிரேம மானிட்டர் வேகத்தோட பூட்டுற வி சிங்க்கும் இதே கதை தான், படம் கிழியாம இருக்கும், ஆனா மவுஸ் தேன்ல மாட்டுன மாதிரி இழுக்கும், போட்டில ஆஃப்.

இப்ப ரெண்டாவது, தகவல். இங்க தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, யூடியூப்ல ஒருத்தர் "எல்லாத்தையும் லோ வைங்க"ன்னு சொன்னத கேட்டு மொத்தமா லோ வச்சுட்டு, தனக்கு வரவேண்டிய தகவலையே தானே வெட்டிக்கிறது.

சிஎஸ் 2 2023 செப்டம்பர் 27ல வந்து பழைய சிஎஸ் கோவுக்கு பதிலா உக்காந்துச்சு இல்ல, அதுல நிழல் வெறும் அழகு இல்ல. சூரிய வெளிச்சத்துல விழுற நிழல் ஒண்ணு, ரூமுக்குள்ள விளக்குலேருந்து விழுற நிழல் ஒண்ணு. டைனமிக் ஷேடோஸ "சன் ஒன்லி" வச்சா ரெண்டாவது வகை போயிரும். எதிராளி நிழல் உங்களுக்கு தெரியாது, ஆனா உங்க நிழல் அவனுக்கு தெரியும். இது எதிராளிக்கு பண்ற மோசடி இல்ல, உங்களுக்கு நீங்களே பண்ணிக்கிற மோசடி. அதனால "ஆல்" வைங்க, எஃப்பிஎஸ் கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்ல. அப்புறம் கீழ குனிஞ்சு உங்க கால பாருங்க, உங்க நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு தெரியும், ஒளியுறதுக்கு முன்னாடி அத பாத்துட்டு ஒளியுற பழக்கம் வந்துட்டா பாதி ரவுண்டு மிச்சம். "பூஸ்ட் பிளேயர் கான்ட்ராஸ்ட்"னு ஒண்ணு இருக்கு, அதையும் ஆன்ல வைங்க, இருட்டுல நிக்கிற ஆள பின்னணிலேருந்து கொஞ்சம் பிரிச்சுக் காட்டும். மூலை முடுக்குல மெல்லிசா நிழல் பூசுற ஆம்பியன்ட் ஒக்லூஷன் பத்தி ஆளுக்கு ஒரு கருத்து, நான் ஆஃப்ல தான் வச்சிருக்கேன்.

வாலரண்ட்ல தகவல் வேற மாதிரி வருது. எதிராளிய சுத்தி ஒரு கோடு ஓடும்ல, டீஃபால்ட்டா சிவப்பு, அத ஊதா இல்ல மஞ்சளா மாத்தலாம். இத கலர் ப்ளைண்ட்னஸ் இருக்கிறவங்களுக்காக தான் வச்சாங்க. ஐரோப்பிய வம்சாவளி ஆண்கள்ல சுமார் 8 சதவீதம் பேருக்கு சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்குறதுல பிரச்சனை உண்டு, இது ஏதோ அபூர்வ வியாதி இல்ல. ஆனா இன்னிக்கு நல்ல கண்ணு இருக்கிறவங்களும் மஞ்சளுக்கு மாறிட்டாங்க, மேப் கலர்ல மஞ்சள் தனியா தெரியுதுன்னு. சில பேர் "இது அநியாயம், மாற்றுத்திறனாளிக்கு வச்சத நீ ஏன் எடுக்குற"ன்னு கேப்பாங்க. நான் அப்படி நினைக்கல. எல்லாருக்கும் திறந்திருக்கு, யார் வேணா வச்சுக்கலாம், எதிராளி பண்ணின எதையும் அது அழிக்கல. ஃபோர்ட்நைட்ல சத்தத்த ஸ்கிரீன்ல படமா காட்டுற ஆப்ஷன் காது கேக்காதவங்களுக்கு உதவியா வந்தது, அதையும் நல்லா காது கேக்குற ஆளுங்க போட்டில போட்டுக்கிட்டு ஆடுறாங்க. அதுக்கும் என் பதில் அதே தான். இல்லன்னா என்ன பண்றது, செட்டிங் மெனுவுக்குள்ள டாக்டர் சர்டிஃபிகேட் கேக்க முடியுமா?

கேம் டிசைனரே தகவல கணக்கு போட்டு குடுக்குற இடமும் உண்டு. வாலரண்ட்ல வேண்டல்ங்கிற துப்பாக்கில சுட்டா குண்டு போற கோடு எதிராளிக்கு தெரியும், ஃபேண்டம்ங்கிற துப்பாக்கில தெரியாது. ஃபேண்டம் வாங்குறவன் அந்த ரகசியத்துக்கும் சேத்து தான் காசு குடுக்குறான். இத நீங்க ஆப்ஷன் ஆக்குனா ரெண்டு துப்பாக்கிக்கும் இருக்கிற வித்தியாசத்துல பாதி போச்சு. அந்த மாதிரி இடத்துல சுவிட்ச் இல்லாம இருக்கிறது தான் சரி.

மூணாவது மறைப்பு. புகை, ஃப்ளாஷ், புல்லு, புதர், தண்ணி. இதுல ஆப்ஷன் கூடவே கூடாது, கலர் தவிர.

பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும், பிரவுசிங் சென்டர்ல மணிக்கு பத்து இருவது ரூபா குடுத்து சிஎஸ் 1.6 ஆடின காலம். அதுல வீடியோ செட்டிங்ல 16 பிட் கலர்னு ஒண்ணு, 32 பிட்னு ஒண்ணு. 16 பிட் வச்சா ஸ்மோக் மெலிஞ்சு போயி உள்ள நிக்கிற ஆள் தெரிவான். வேற சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்ல, மெனுல ஒரு கிளிக். தெரிஞ்சவன் ராஜா, தெரியாதவன் "எப்டிடா புகைக்குள்ள பாத்து அடிக்கிறான்"னு தலைய சொறிஞ்சுட்டு இருப்பான். அதுக்கும் முன்னாடி 1999ல வந்த குவேக் 3ல, டெக்ஸ்சர் (சுவர், தரை மேல ஒட்டியிருக்கிற படம்) தரத்த ஒரு அளவுக்கு மேல இறக்குனா சுவரெல்லாம் ஒரே கலர் பெயிண்ட் அடிச்ச மாதிரி ஆயிரும், அந்த மொட்டைச் சுவத்துக்கு முன்னாடி ஆள் பளிச்னு தெரிவான். ஆனா குவேக்ல இது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் பண்ணாங்க, கலாச்சாரமே ஆயிருச்சு, சுவரு யாரும் காசு குடுத்து எறிஞ்ச ஸ்மோக் இல்லையே. அதனால எனக்கு குவேக் சம்மதம், 16 பிட் ஸ்மோக் சம்மதம் இல்ல.

சிஎஸ் 2ல இத வேரோட பிடுங்கிட்டாங்க. ஸ்மோக் இப்ப கன அளவு உள்ள புகை, வாசல் இருந்தா வாசல் வழியா பரவும், ஒரு ஹெச்இ கிரனேட் (வெடிகுண்டு) போட்டா கொஞ்ச நேரம் விலகி மறுபடி மூடும், குண்டு போனா ஓட்டை விழும், முக்கியமா எந்த செட்டிங்ல இருந்தாலும் எல்லாருக்கும் ஒரே புகை. லோ எண்ட் லேப்டாப்காரனுக்கு புகை கிட்ட போனா எஃப்பிஎஸ் படுத்துக்கும்ங்கிறது உண்மை, அது வலிக்கும், ஆனா விலை அது தான்.

போன்ல பிஜிஎம்ஐ (பப்ஜியோட இந்திய வடிவம்) ஆடுறவங்களுக்கு இது புல்லு பிரச்சனை. முதல்ல ஒண்ண புரிஞ்சுக்கோங்க, தூரத்துல இருக்கிற புல்ல கேம் வரையவே வரையாது, போன் தாங்காது. நீங்க புல்லுக்குள்ள படுத்துக்கிட்டு "நம்மள யாரு பாக்கப் போறா"ன்னு நினைக்கலாம், ஆனா மலை மேலேருந்து ஸ்கோப் போட்டு பாக்குறவனுக்கு நீங்க வெறும் தரைல துணி காயப்போட்ட மாதிரி கெடக்குறீங்க. இது யாரோட செட்டிங்கும் இல்ல, எல்லாருக்கும் பொது, அதனால குறை சொல்லாம பாறை, மரம்னு மாறிக்கோங்க. ஆனா கிட்டத்துல இருக்கிற புல்லையும் எடுக்குற "நோ கிராஸ்" கான்ஃபிக் ஃபைல்னு டெலகிராம்ல சுத்துது பாருங்க, அது ஹேக். கிராஃபிக்ஸ் மாத்துறோம்னு பேர் சொல்லிக்கிட்டு கேம் ஃபைல்ல கை வைக்கிறது எதுவா இருந்தாலும் ஐடி பேன் ஆகிப் போறதுக்கு வாய்ப்பு உண்டு. மெனுல குடுத்திருக்கிறத மட்டும் மாத்துங்க: கிராஃபிக்ஸ் ஸ்மூத், ஃபிரேம் ரேட் உங்க போன் எவ்ளோ குடுக்குதோ அவ்ளோ, ஸ்டைல் கலர்ஃபுல். ஹெச்டிஆர் வச்சு மே மாசம் மத்தியானம் ஃபேன் இல்லாத ரூம்ல ஆடுனீங்கன்னா மூணாவது மேட்ச்ல போன் கொதிச்சு தானா ஃபிரேம இறக்கிரும், அப்ப கடைசி சர்க்கிள்ல அழக பாத்து அழ வேண்டியது தான்.

ஃப்ளாஷ் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இதுல உடம்பு சம்பந்தப்பட்டிருக்கு. 1997 டிசம்பர் 16ல ஜப்பான்ல போகிமான் கார்ட்டூனோட ஒரு எபிசோட்ல சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமா அடிச்சதுல 685 பேர், பெரும்பாலும் குழந்தைங்க, ஆஸ்பத்திரிக்கு போனாங்க. மாற்றுத்திறனாளிகளுக்காக வெப்சைட்டுகளுக்கு வச்சிருக்கிற அணுகல் விதில கூட ஒரு செகண்டுக்கு மூணு தடவைக்கு மேல எதையும் பளிச் பளிச்னு அடிக்கக் கூடாதுன்னு இருக்கு. இருட்டு ரூம்ல ஹெட்செட் மாட்டிக்கிட்டு ராத்திரி 2 மணிக்கு முழு வெள்ளை ஸ்கிரீன் மூஞ்சில அடிச்சா வலிப்பு வராதவனுக்கும் தலைவலி நிச்சயம். அப்போ ஃப்ளாஷ ஆஃப் பண்ண விடலாமா? விட்டா 200 டாலர் குடுத்தவன் கதி? இதுக்கு அழகா ஒரு வழி கண்டுபிடிச்சது கால் ஆஃப் ட்யூட்டி, 2022ல வந்த மாடர்ன் வார்ஃபேர் 2ல ஃப்ளாஷ்பேங்க தலைகீழாக்குற ஆப்ஷன், வெள்ளைக்கு பதிலா ஸ்கிரீன் கருப்பாகும். குருடா இருக்கிற நேரம் அதே தான், எறிஞ்சவனுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல, கண்ணு மட்டும் தப்பிச்சுது. கலர் தவிரன்னு மேல சொன்னது இதுக்குத் தான். இத இன்னும் எல்லா கேம்லயும் வைக்காம இருக்கிறதுக்கு ஒரு நல்ல காரணம் கூட எனக்கு தோணல.

உதவிக்குன்னு வைக்கிறதையும் கண்ணு தெரிஞ்சு வைக்கணும். 2023 டிசம்பர்ல டெக்கன் 8ங்கிற சண்டை கேமோட டெமோ வந்தப்ப அதுல கலர் ப்ளைண்ட் ஃபில்டர்னு கருப்பு வெள்ளை கோடு கோடா ஆளுங்க மேல பூசியிருந்தாங்க, அது அசையும்போது ஒற்றைத் தலைவலியும் வலிப்பும் வரலாம்னு அணுகல் துறைல வேலை செய்றவங்க எச்சரிச்சாங்க. உங்களுக்கு இந்த மாதிரி தொந்தரவு இருந்தா புது ஃபில்டர் எதையும் நேரா மேட்ச்ல போடாதீங்க, லைட்ட போட்டுக்கிட்டு, தள்ளி உக்காந்து, ஒரு நிமிஷம் டிரெய்னிங்ல பாருங்க, கூட யாராவது இருந்தா நல்லது.

சரி, உங்க மெஷின்ல எப்படி செட் பண்றது. எல்லாத்தையும் லோ வச்சு ஆரம்பிங்க, எஃப்பிஎஸ் எவ்ளோ வருதுன்னு பாருங்க, ஆனா காலியா இருக்கிற மேப்ல நின்னுக்கிட்டு "ஆஹா 200"ன்னு சந்தோஷப்படாதீங்க. ரெண்டு ஸ்மோக், ஒரு மாலடோவ் (தீக்குண்டு), அஞ்சு பேர் சுட்டுக்கிட்டு இருக்கிற நேரத்துல எவ்ளோ இறங்குதோ அது தான் உங்க உண்மையான எஃப்பிஎஸ். சிஎஸ் 2க்கு ஸ்டீம் ஒர்க்ஷாப்ல எஃப்பிஎஸ் அளந்து பாக்குற பெஞ்ச்மார்க் மேப் இருக்கு, அத ஓட விடலாம். அப்புறம் தகவல் வகைய மட்டும் ஒண்ணொண்ணா ஏத்துங்க, முதல்ல நிழல், அப்புறம் கான்ட்ராஸ்ட். ஒரே நேரத்துல ரெண்டு மாத்துனா எது உதவுச்சு எது கெடுத்துச்சுன்னு தெரியாம போயிரும்.

அடுத்து ஒரு ஃப்ரெண்ட கூப்பிடுங்க, பிரைவேட் மேட்ச்ல நீங்க அடிக்கடி செத்துப்போற மூணு மூலைல அவன நிக்க வைங்க, ஒரு தடவ நின்னுக்கிட்டு, ஒரு தடவ குனிஞ்சுக்கிட்டு. நீங்க வழக்கமா எட்டிப் பாக்குற மாதிரி பாருங்க. உடனே தெரியுறானா, தேடணுமா? செட்டிங்க மாத்தி மறுபடி. இதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், பிரியாணி வாங்கித் தரேன்னு சொன்னா தான் எவனும் வருவான், ஆனா ப்ரோ பிளேயர் செட்டிங்க காப்பி அடிக்கிறத விட நூறு மடங்கு மேல், ஏன்னா அவர் மானிட்டர் வேற, கண்ணு வேற, உக்காருற தூரம் வேற. முடிச்சதும் ரெண்டு மூணு நாள் தொடாதீங்க. கண்ணு பழகணும்.

கலர் ஏத்துறது தனி. என்விடியா கார்டுல டிஜிட்டல் வைப்ரன்ஸ் டீஃபால்ட் 50, 70 கிட்ட வச்சுப் பாருங்க, 100 வச்சா மனுஷங்க எல்லாம் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி ஆயிருவாங்க, ரெண்டு மணி நேரத்துல கண்ணு வலிக்கும்.

நீங்க டோர்னமெண்ட் நடத்துற ஆளா இருந்தா, என் ராத்திரி ஒன்றரை மணிய நினைச்சுக்கிட்டு இத படிங்க. வாடகை சென்டர்னா எல்லா பிசிலயும் தகவல் வகை செட்டிங் ஒரே மாதிரி இருக்கான்னு நீங்களே உக்காந்து பாருங்க, ஆள வச்சு பாக்காதீங்க. ரெசல்யூஷன், ஸ்ட்ரெச்சு (படத்த அகலமா இழுக்குறது), வைப்ரன்ஸ், சென்சிட்டிவிட்டி எல்லாம் பிளேயர் இஷ்டம்னு விட்டுருங்க, அதுல தலையிட்டா விடிய விடிய பஞ்சாயத்து தான். வெளிலேருந்து ஏத்துற ஃபில்டர், ஃபைல் எடிட் கூடாதுன்னு ஒரே வரில எழுதிருங்க. சிஎஸ்னா ஏஜெண்ட் ஸ்கின்ன பூட்டுங்க, பெரிய டோர்னமெண்ட்கள்லயே அதுக்கு அனுமதி இல்ல, காசு குடுத்து வாங்கின டிரெஸ் புதரோட கலந்துட்டா அது ஸ்கின் இல்ல, மறைப்பு. பிஜிஎம்ஐ ரூம்னா டேப்லட்டும் எமுலேட்டரும் (போன் கேம பிசில ஓட்டுற சாஃப்ட்வேர்) கூடாதுன்னு முதல்லயே சொல்லிருங்க, ஐபேட் ஸ்கிரீன்ல தெரியுற அளவு காட்சி போன்ல தெரியாது. பேர் குடுக்குற ஃபார்ம்ல ஒரு கேள்வி சேத்துக்கோங்க, பளிச் வெளிச்சத்தால உங்களுக்கு ஏதாச்சும் பிரச்சனை உண்டான்னு. எங்க ஃபார்ம்ல சேத்த முதல் தடவையே ஒரு பொண்ணு "ஆமா"ன்னு போட்டிருந்துச்சு, ஸ்டேஜுக்கு வாடகைக்கு சொல்லி வச்சிருந்த ஸ்ட்ரோப் லைட்ட கேன்சல் பண்ணிட்டோம், ஆயிரத்து ஐநூறு ரூபா மிச்சம்.

ஸ்ட்ரீம் ஓட்டுற அப்சர்வர் பிசி மட்டும் இதுல சேராது. அதுல எல்லாத்தையும் ஹை வைங்க, ப்ளூம், நெருப்பு, புகை எல்லாம் ஜொலிக்கட்டும், பாக்க வர்றவன் அதுக்குத் தான் வர்றான்.

இன்னொண்ணு, பெரிய அப்டேட் வந்தா சில நேரம் செட்டிங் தானா டீஃபால்ட்டுக்கு போயிரும், நேத்து சரியா இருந்துச்சேன்னு நம்பி உக்காராதீங்க. மேட்ச் அன்னிக்கு காலைல வீடியோ மெனுவ திறந்து நிழல் எதுல இருக்குன்னு ஒரு தடவ பாத்துருங்க.